சொல்லாமல் விட்டவர்களைத் தேடி

இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பாலீர்ப்பு பற்றிய கேள்வி முதன்முதலாக இடம்பெற்றது 2021இல்தான். 16 வயது கடந்தவர்களில் 3.2 விழுக்காட்டினர் தங்களைத் தன்பாலீர்ப்பினர், இருபாலீர்ப்பினர் என்பதுபோல் குறித்திருந்தார்கள். 16 முதல் 24 வயதினரிடம் அது 6.9. எழுபத்தைந்தைத் தாண்டியவர்களிடம் ஒரு விழுக்காடுகூட இல்லை. தாத்தா பாட்டி காலத்தில் இப்படிப்பட்டவர்களே இல்லையா? விடை தேடிப் பழைய ஆவணங்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

முதல் தடயம் சட்டம். ஆணும் ஆணும் உறவுகொள்வது அங்கே குற்றமாக இருந்தது. 1952இல் கணிதமேதை ஆலன் டூரிங்குக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தது அந்தச் சட்டம்தான். 21 வயது நிறைந்த இருவர் தனிமையில் கூடினால் குற்றமல்ல என்று அதைத் திருத்தியது 1967 ஜூலையில். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2021இல் எழுபத்தைந்தைத் தொட்டவர்களில் ஆக இளையவருக்கே அன்று 21 வயது. இளமை முழுக்கச் சிறைக்குப் பயந்து வாழ்ந்தவர்கள், முதுமையில் ஒரு படிவம் கேட்டதும் சொல்லிவிடுவார்களா?

ஆனால் அவர்கள் இருந்தார்கள். 'மாஸ் அப்சர்வேஷன்' அமைப்பு 1949இல் பாலுறவு பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. அதன் தன்னார்வலர் குழுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், தன்பாலினத்தவரோடு ஏதோ ஒரு வகை அனுபவம் உண்டென்று எழுதியிருந்தார். பொதுமக்கள் அனைவருக்கும் இந்த விகிதம் பொருந்தாது. அனுபவம் வேறு, அடையாளம் வேறு. ஆனாலும் அது பெரிய எண்ணிக்கை. அந்த ஆய்வு 1995 வரை நூலாகவே வரவில்லை.

சட்டம் பாதி விடைதான். 2021இல் இருபாலீர்ப்பு என்று குறித்த இளையோரில் பெண்களே அதிகம். பெண்களுக்கிடையேயான உறவோ அங்கே ஒருபோதும் குற்றமாக இருந்ததில்லை. அப்படியானால் பாட்டிகளின் வாயை அடைத்தது எது?

நாடாளுமன்றப் பதிவேட்டில், 1921 ஆகஸ்ட் 15ஆம் நாள் மேலவை விவாதத்தில் அது அகப்பட்டது. பெண்களையும் தண்டிக்கும் பிரிவு ஒன்றைக் கீழவை சேர்த்து அனுப்பியிருந்தது. பர்க்கன்ஹெட் பிரபு எழுந்து அதை எதிர்க்கிறார். ஆயிரம் பெண்களில் 999 பேர் இதைக் காதால்கூடக் கேட்டதில்லை. சட்டம் போட்டு நாமே ஏன் தெரியப்படுத்த வேண்டும் என்பது அவர் வாதம். மேலவை அந்தப் பிரிவைத் தள்ளிவிட்டது. இரக்கத்தால் அல்ல. பெண்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக! எத்தனை தீர்மானமாக எடுத்த முடிவு இது என்று நினைக்கையில் இன்றும் மனம் கொதிக்கிறது.

அதே உத்தி 1988இல் திரும்பி வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'த் தடை விதித்தது பிரிவு 28. வகுப்பில் அந்தப் பேச்சை எடுக்கவே ஆசிரியர்கள் தயங்கினார்கள். 2003இல்தான் அதை நீக்கினார்கள். கணக்கெடுப்பின்போது நாற்பது வயதில் இருந்தவர் தம் பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதியை அந்தத் தடையின்கீழ் கழித்தவர். இருபத்துநான்கு வயதில் இருந்தவருக்கோ, தடை நீங்கியபோது ஆறேழு வயதுதான்.