டைனமோ றேடியோவும் பெரியமாமியின் கோபமும்

நான் வேலை செய்கிற உணவகத்தின் குசினியில் ஒரு சின்ன றேடியோ இருக்கிறது. கோப்பை கழுவுகிற மாலி நாட்டுப் பொடியன் அதில் தன் ஊர்ப் பாட்டுக் கேட்பான். போன கிழமை அது இழுபட்டு இழுபட்டு நின்றுவிட்டது. அவன் பற்றறிகளைக் கழற்றிக் குப்பைக்குள் போடப் போனான். நான் பாய்ந்து பிடித்து, வெயிலில் வைக்க இடம் தேடினேன். பரிஸில் நிலத்துக்குக் கீழே இருக்கிற குசினிக்கு வெயில் எங்கே வரும்? அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. 1990க்கும் 1995க்கும் இடையில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு விளங்கும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. கொழும்பில் வானொலி தொடங்கியது 1925 டிசம்பர் 16இல். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இலங்கையில் இருந்தது. படைவீரர்களுக்காக நிறுவிய பலமான சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. அந்த நேரம் பார்த்து இந்தியாவில் கேஸ்கர் என்ற அமைச்சர், சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று அகில இந்திய வானொலியில் அதை ஓரங்கட்டினார். பிறகென்ன, தமிழ்நாட்டுத் தேநீர்க்கடையெல்லாம் இலங்கை வானொலிதான். சண்டைக்கு வந்த இயந்திரம் பாட்டுப் பாடிப் பேரெடுத்தது. எங்கள் கதையில் இப்படித் தலைகீழாக நடந்த நல்ல காரியங்கள் குறைவு என்பதால் இதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

மானிப்பாயில் எங்கள் ஐயாவுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு றேடியோ. சீட்டாடமாட்டார், கள்ளுக் குடிக்கமாட்டார். 1983 மே மாதம் என் ஐந்தாவது பிறந்தநாளுக்குக் கொழும்புக்கு ஒரு தபாலட்டை போட்டார். பிறந்தநாள் வாழ்த்தில் என் பெயரை வாசித்தார்கள். வாழ்த்துபவர்கள் அப்பா, அம்மா, அம்மம்மா, மாமாமார், சித்திமார்... என்று நீண்ட வரிசை. வீடே பெட்டியைச் சுற்றி நின்றது. முடிந்ததும்தான் தெரிந்தது, ஐயாவின் மூத்த தமக்கையான பெரியமாமியின் பெயர் அதில் இல்லை.

"அட்டையிலை இடம் காணேல்லை அக்கா" என்று ஐயா சொல்லிப் பார்த்தார்.

"உன்ர பெண்சாதியின்ர ஆக்களுக்கு மட்டும் இடம் கண்டதோ?" என்று கேட்டுவிட்டுப் போன பெரியமாமி இரண்டு வருசம் எங்கள் படலையைத் திறக்கவில்லை.

1990 யூனில் மறுபடி சண்டை தொடங்கியது. மின்சாரம் போனது. பொருளாதாரத் தடையில் பற்றறியும் அகப்பட்டது. அப்போதுதான் டைனமோ வந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார், மற்றவர் றேடியோவைத் திருகுவார். நாலு பற்றறி ஆறு வோல்ற்று, சைக்கிள் டைனமோவும் ஆறு வோல்ற்று. ஆனால் டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். அதற்காக இடையில் டயோட் போடவேண்டும். பின்னாளில் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருசம் பௌதிகம் படித்து, முடிக்காமல் விட்டுவந்தவன் நான். அங்கே விரிவுரையாளர் இதைக் கரும்பலகையில் கீறியபோது, பக்கத்து வீட்டுக் கூட்டாளி பன்னிரண்டு வயதில் எனக்குச் சொல்லித்தந்த பாடம் என்று சிரித்துக்கொண்டேன்.

இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. கூட்டாளியும் நானும் மாறி மாறிச் சுற்றுவோம். கை சோர்ந்தால் செய்தியும் சோரும். "சுத்தடா, சுத்தடா, எங்கை குண்டு விழுந்ததெண்டு சொல்லுறான்" என்று ஐயா கத்துவார். பத்துப் பன்னிரண்டு பேர் முற்றத்தில் குந்தியிருப்பார்கள். கோபம் ஆறிய பெரியமாமியும் அதில் ஒருவர்.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தது. மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தில் சனக்கூட்டம். ஐயா உடுப்புப் பையைக் குறைத்து றேடியோவைச் சைக்கிளில் கட்டினார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் வைத்து டைனமோவைச் சுற்றினோம். நாங்கள் நடந்து வந்த கதையை லண்டனிலிருந்து எங்களுக்கே சொன்னார்கள். கேட்டுவிட்டு ஒருவரும் பேசவில்லை.

நான் 2000இல் பிரான்ஸ் வந்தேன். 2003இல் ஐயா செத்துப்போனார். அப்போது சமாதான காலம், பாதையும் திறந்திருந்தது. ஆனால் என் அகதிப் பயணப் பத்திரத்தில் 'இலங்கை தவிர்ந்த' என்று இருந்தது. போக வழியில்லை. செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றுதான். லண்டனில் ஒரு தமிழ் வானொலிக்கு ரெலிபோன் எடுத்து மரண அறிவித்தல் கொடுத்தேன். மகனும், கணவரும், தந்தையும், சகோதரரும் என்று சொல்லிக்கொண்டு போகையில் நெஞ்சில் தட்டியது. இது 1983இல் ஐயா எழுதிய அதே பட்டியல். அதே ஆட்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு நாடு மட்டும் புதிதாக ஒட்டியிருந்தது. பிரான்ஸ், கனடா, ஜேர்மனி, சுவிஸ். சகோதரர் வரிசையில் பெரியமாமியின் பெயரை முதலாவதாகச் சொன்னேன்.

அன்றிரவு குசினியில் வேலைக்கு நின்றபடியே ஐயாவின் பெயரைக் கேட்டேன். ரொறன்ரோவில் இருந்து கூட்டாளி அழைத்தான். "இந்தமுறை சுத்தாமலே கேட்டுதடா" என்றான். பிறகு இரண்டு பேரும் அழுதோம். ஒரு மாதம் கழித்துப் பெரியமாமியின் கடிதம் வந்தது. ஐயாவைப் பற்றி நாலு பக்கம். கடைசி வரியில், 'என்ர பேரை முதல் வாசிச்சவையாம், கேட்டவை சொல்லிச்சினம்.'

1941இல் தொடங்கிய பிபிசி தமிழ் வானொலி 2017 ஏப்ரல் 30உடன் நின்றுவிட்டது. மரண அறிவித்தல்கள் இணையத்துக்குப் போய்விட்டன. எங்கள் குடும்பங்கள் எந்த ஊரில் தொடங்கி எங்கெங்கு சிதறின என்பதற்கு வேறு பதிவேடு எங்களிடம் கிடையாது. பிறந்தநாள் வாழ்த்தும் மரண அறிவித்தலும்தான். பழைய ஒலிநாடாக்களில், வெட்டிவைத்த பேப்பர்த் துண்டுகளில் உங்கள் வீட்டிலும் அவை இருக்கலாம். தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.

வாசிக்கும்போது யாருடைய பெயராவது விடுபட்டிருக்கிறதா என்றும் ஒருக்கால் பாருங்கள்.