அருமண் மாசூட்டிய டைட்டானியம் டை ஆக்சைடு நானோதூள்

லாந்தனம், சீரியம், யூரோப்பியம், எர்பியம் போன்ற அருமண் தனிமம் ஒன்றைச் சிறிதளவு சேர்த்துச் செய்யப்படும் ஒளிவினையூக்கித் தூள் இது. டைட்டானியம் தரும் இல்மனைட்டும் அருமண் தரும் மோனசைட்டும் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கலந்தே கிடக்கின்றன.

பெயின்ட்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு, ஒளியின் துணையால் நீரைப் பிளக்க உதவும் என்று ஜப்பானியர்களான ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் காட்டினர். ஆனால் அதன் அனட்டேஸ் வடிவத்தின் ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். எனவே வெயிலில் சுமார் 5 விழுக்காடே உள்ள புற ஊதாக் கதிர்தான் அதைத் தூண்டுகிறது. தூண்டப்பட்ட எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற வெற்றிடமான ‘துளையும்’ வேலை செய்யுமுன்னே பெரும்பாலும் மீண்டும் சேர்ந்துவிடுகின்றன.

மாசூட்டல் என்றதும், வேற்று அயனி படிகத்துக்குள் புகுந்து டைட்டானியத்தின் இடத்தில் அமர்வதாக எண்ணத் தோன்றும். இங்கே அதற்கு இடம் மிகக் குறைவு. டைட்டானியம் அயனியின் ஆரம் 60.5 பிக்கோமீட்டர், லாந்தனம் அயனிக்கு 103. உள்ளே இடம் கொள்ளாத அயனிகள் துகளின் மேற்பரப்பிலும் படிக எல்லைகளிலும் ஒதுங்குகின்றன. அந்த ஒதுக்கமே பெரும்பயன் தருகிறது. தூளைச் சுடும்போது துகள்கள் ஒட்டிப் பெருப்பதை அவை தடுக்கின்றன. தூய தூளில் 600 டிகிரி செல்சியஸை ஒட்டித் தொடங்கும், அனட்டேஸ் ரூட்டைல் என்ற வேறு படிக வடிவமாகும் மாற்றமும் தள்ளிப்போகிறது. துகள் சிறியதாகவே நிற்பதால் வினை நடக்கும் பரப்பு கூடுகிறது.

சீரியத்துக்குத் தனிச்சிறப்பு உண்டு. மூன்று, நான்கு ஆகிய இரு மின்சுமை நிலைகளுக்கிடையே மாறவல்லதால், எலக்ட்ரானைப் பிடித்துத் துளையிலிருந்து பிரித்துவைக்கிறது. யூரோப்பியம் 615 நானோமீட்டர் அருகே சிவப்பாக ஒளிர்கிறது. எர்பியமும் இட்டெர்பியமும் சேர்ந்தால் 980 நானோமீட்டர் அகச்சிவப்பை வாங்கிப் பச்சையும் சிவப்புமாகத் திருப்பித் தருகின்றன.

அருமண்ணின் அளவு மிஞ்சினால் பலன் தலைகீழாகும்: எலக்ட்ரானைப் பிடிக்கும் இடங்களே மறுசேர்க்கை இடங்களாகின்றன, மிகுந்த சூட்டில் அருமண்ணும் டைட்டானியமும் கலந்த பைரோகுளோர் வகைச் சேர்மமும் பிரியக்கூடும்.

வினைத்திறனை அளக்க மெத்திலீன் நீலக் கரைசலின் நிறம் மங்குவதையே பலர் பார்க்கின்றனர். அந்தச் சாயமே கண்ணுறு ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானைத் தூளுக்குத் தரக்கூடியது. ஆகவே ‘வெயிலில் வேலை செய்கிறது’ என்ற முடிவை, ஃபீனால் போன்ற நிறமற்ற சேர்மத்தாலும் சோதித்த பிறகே ஏற்பது நல்லது.