வாயில் மறுத்தல்

மின்கட்டணம் கட்டுவதற்காகத்தான் அன்று அவருடைய கைபேசியை எடுத்தேன். என்னுடையதில் சார்ஜ் இல்லை. 2021 ஜூன், இரண்டாவது ஊரடங்கு. இணைய உலாவியைத் திறந்ததும் முந்தின இரவு மூடாமல் விட்ட பக்கங்கள் வரிசையாக வந்தன. தேதிகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். கல்லூரியில் பதினாறு வருடமாக வரலாறு நடத்துகிறவள் நான். அந்தப் பட்டியலுக்கும் கைபேசியில் 'வரலாறு' என்றுதான் பெயர்.

முதலில் கணக்குப் போட்டேன். அலுவலக வேலை இருக்கிறது என்று அவர் கூடத்திலேயே இருந்துவிட்ட இரவுகள் ஒரு பக்கம். பிள்ளை பெற்ற பிறகு என் உடம்பு அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று நானே முடிவு செய்துகொண்டு படுத்த இரவுகள் இன்னொரு பக்கம். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போயின. அதற்கு ஒரு வருடம் முன்பு, இதே கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இந்த மாதிரி செஞ்சு பாக்கலாமா?" என்று கேட்டிருந்தார். நான் திரும்பிப் படுத்தேன். மூன்று நாள் பேசவில்லை, அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "ஆம்பள கண்ணு அப்படித்தான்டி. வெளிய யாரையும் தேடிப் போகலல்ல, அந்த மட்டுக்கும் சந்தோசப்படு" என்றார். துறையில் என்னோடு வேலை பார்க்கும் இளைய தோழி, "அக்கா, எல்லாத்தையும் தடுக்கிற ஆப் இருக்கு, அவர் போன்ல போட்டு விட்டுருங்க" என்றாள். மூன்றாவது யோசனை எனக்கு நானே சொன்னது. அழகு நிலையத்துக்குப் போனேன், புது நைட்டி வாங்கினேன், மதியச் சாப்பாட்டை நிறுத்தினேன்.

பொறுத்துக்கொள், தடை போடு, உன்னை மாற்றிக்கொள். இந்த மூன்றையும் யாரும் எனக்காகப் புதிதாக யோசிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் நெடிய வரலாறு இருக்கிறது. நான்காவதாக ஒரு வழிக்கும் வரலாறு இருக்கிறது என்பதைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தும் நான் கவனிக்கவில்லை.

பொறுத்துக்கொள் என்பதற்கு நம் வீடுகளில் நளாயினி என்று பெயர். தொழுநோயில் உடல் அழுகிய கணவன் தாசி வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறான். மனைவி அவனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து போகிறாள். வழியில் கழுவில் கிடந்த முனிவரின் மேல் கூடை இடிக்க, விடிந்தால் இவன் சாவான் என்று அவர் சபிக்கிறார். அவளோ சூரியனையே உதிக்கவிடாமல் தடுக்கிறாள். சூரியனை நிறுத்தும் அளவுக்கு வலிமை கொண்டவள், கூடையைக் கீழே வைக்கலாம் என்று மட்டும் கதையில் எங்கும் நினைப்பதில்லை. சிறுவயதில் அம்மா இதைச் சொன்னபோது நான் கேட்டதெல்லாம் கூடை எவ்வளவு பெரிது என்பதுதான்.

உன்னை மாற்றிக்கொள் என்பதற்கும் பழைய சாட்சி உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலன் மாதவியிடம் இருக்கும் காலத்தில், தேவந்தி என்ற தோழி கண்ணகிக்கு ஒரு வழி சொல்கிறாள். சோமகுண்டம், சூரியகுண்டம் இரண்டிலும் மூழ்கிக் காமன் கோயிலில் தொழுதால் கணவனோடு சேர்ந்து வாழலாம் என்கிறாள். அது தனக்குப் பெருமையில்லை என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். மதுரையை எரித்த கண்ணகியைத்தான் நாம் கொண்டாடுகிறோம். எனக்கு அந்த மறுப்பு பெரிதாகப் பட்டது. ஆனால் அடுத்த நொடியே கோவலன் திரும்பி வருகிறான். அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் காற்சிலம்பை எடுத்துத் தருகிறாள். குளத்தில் மூழ்க மறுத்தவளுக்கும் கணவனைக் கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

தடை போடு என்பது சட்டத்தின் குரல். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் ஆபாசப் புத்தகம் விற்பது 292ஆம் பிரிவின் கீழ்க் குற்றமாக இருந்தது. எது ஆபாசம் என்பதற்கு 1868இல் இங்கிலாந்தில் சொல்லப்பட்ட 'ஹிக்லின்' அளவுகோலையே நம் நீதிமன்றங்களும் வைத்துக்கொண்டன. எளிதில் கெடக்கூடிய மனம் உள்ளவர் கையில் கிடைத்தால் அவரைக் கெடுக்குமா என்பதுதான் கேள்வி. 1964இல் பம்பாய்ப் புத்தகக் கடைக்காரர் ரஞ்சித் உதேஷியின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2014இல்தான் அது கைவிடப்பட்டு, சமகாலச் சமூகத்தின் தரம் அளவுகோலானது. பார்க்கிறவன் கெடுவானா, சமூகம் கெடுமா என்று இத்தனை ஆண்டுகள் கேட்டார்கள். அவன் பக்கத்தில் படுத்திருப்பவளுக்கு என்ன ஆகிறது என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை.

தடை யார் மேல் விழுந்தது என்பதற்கு ஓர் உதாரணம் தஞ்சாவூரில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த முத்துப்பழனி, தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனமு' எழுதினார். கண்ணன் இன்னொருத்தியை மணக்கிறான், ராதை குமுறுகிறாள், கடைசியில் அவளை அவன் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது. கோபித்த பெண்ணைத் தேற்றுவது என்பதுதான் தலைப்பின் பொருளே. 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதை முழுமையாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று கூச்சல் எழுந்தது, அரசு தடை செய்தது. 1947இல்தான் தடை நீங்கியது. பெண் தன் ஆசையையும் ஆத்திரத்தையும் சொன்ன புத்தகம் பூட்டப்பட்டிருந்த அதே காலத்தில், அதிவீரராம பாண்டியர் பெயரில் வழங்கும் 'கொக்கோகம்' ஆண்களின் கைகளில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

நம் கோபம் போகும் திசையையும் சொல்ல வேண்டும். திருக்குறளில் 'வரைவின் மகளிர்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. பொருளுக்காகத் தழுவும் பெண்களைப் பழிக்கும் அதிகாரம் அது. தேவதாசி முறையிலிருந்து வெளியேறி அதை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்கூட, 1936இல் வெளியிட்ட நாவலுக்கு 'தாசிகள் மோசவலை' என்றுதான் பெயர் வைத்தார். நானும் அன்றிரவு திரையில் இருந்த பெண்ணைத்தான் முதலில் வெறுத்தேன். அவள் பெயர் எனக்குத் தெரியாது. கேமரா இருப்பது அவளுக்குத் தெரியுமா, சம்மதித்தாளா, அவளுக்கு எத்தனை வயது என்பதும் தெரியாது. இந்தக் கேள்விகளை அவரிடம் கேட்டபோதுதான் அவர் முதல்முறையாகத் தலைகுனிந்தார். குழந்தைகளை வைத்து எடுத்தவற்றைத் தரவிறக்கிப் பார்ப்பது குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னதை, அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் திருத்த வேண்டியிருந்தது. எடுப்பவரைப் போலப் பார்ப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்ற எளிய விஷயத்துக்கே இத்தனை காலம் ஆகிறது.

இனி அந்த நான்காவது வழி. சங்க இலக்கியத்தின் மருதத் திணைக்கு உரிப்பொருள் ஊடல். பரத்தையிடம் போன தலைவன் திரும்பி வருகிறான். நேரே வீட்டுக்குள் நுழைய முடியாது. பாணனையோ வேறு யாரையோ தூது அனுப்புகிறான். அந்தத் தூதருக்கு 'வாயில்கள்' என்று பெயர். தலைவியும் தோழியும் கதவைத் திறக்க மறுக்கிறார்கள். இதை 'வாயில் மறுத்தல்' என்கிறோம். ஐங்குறுநூற்றின் முதல் நூறு, ஓரம்போகியார் பாடியது, பெரும்பாலும் இந்தப் பேச்சுதான். அதில் புலவிப் பத்து உண்டு, கிழத்தி கூற்றுப் பத்து உண்டு. ஊரார்க்கு நடுவே அவனுடைய நடத்தை என்ன என்று பெயர் சொல்லிப் பேசுகிறாள் ஒருத்தி.

இதைப் பொற்காலமாக்கி மாணவிகளிடம் சொல்ல நான் தயாரில்லை. தலைவி கடைசியில் கதவைத் திறக்கத்தான் வேண்டும், அவளுக்குப் போக வேறு இடமில்லை. அந்தப் பாடல்களில் பல ஆண் புலவர்கள் பெண் குரலில் எழுதியவை. பரத்தையின் பக்க நியாயம் சில பாடல்களில்தான் வருகிறது. என்றாலும் பொறுப்பதற்கும் தடுப்பதற்கும் அப்பால் ஒன்று அங்கே இருக்கிறது. தவறு நடந்தது என்று வாய்விட்டுச் சொல்வதும், எந்த நிபந்தனையில் உள்ளே வரலாம் என்று அவளே வைப்பதும் அங்கே மனைவியின் உரிமையாக ஏற்கப்பட்டிருக்கிறது.

ஆனால் வாயில் மறுக்க ஒரு வாயில் வேண்டுமே. என் தலைமுறை கண்ட மாற்றமே அந்த இடத்தில்தான் நடந்தது. முன்பு ஆண்கள் இதற்காக வீட்டை விட்டு வெளியே போனார்கள். மலையாளப் படம் என்ற பெயரில் ஓடிய காலைக் காட்சிகள், பெட்டிக்கடையில் மறைத்து விற்ற 'சரோஜாதேவி' புத்தகங்கள், நண்பன் வீட்டு வீடியோ கேசட், பிறகு பிரவுசிங் சென்டரின் தடுப்பு அறை. காசு செலவாகும், நேரமாகும், தெரிந்தவர் பார்த்துவிடுவார். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு ஒன்றுமே தேவைப்படவில்லை. 2015 ஆகஸ்டில் மத்திய அரசு 857 தளங்களை முடக்கிச் சில நாட்களில் பின்வாங்கியது. 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பிறகு 827 தளங்களை முடக்கச் சொன்னது. அதற்குப் பிந்தைய தேதிகளைத்தான் நான் அந்தக் கைபேசியில் பார்த்தேன். இங்கே கணவன் வாசலைத் தாண்டிப் போவதே இல்லை. திரும்பி வருவதும் இல்லை. ஆகவே வாயிலை நான்தான் கட்ட வேண்டியிருந்தது.

கட்டுவதற்குக் கல் கொடுத்தவர்கள் எனக்கு முன்னால் போராடிய பெண்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்துக்கு 2006இல் விதிகள் வந்தன. அதில் முதல் படிவம், வன்முறை நிகழ்வு அறிக்கை. பாலியல் வன்முறை என்ற தலைப்பின் கீழே, ஆபாசப் படங்களைப் பார்க்கக் கட்டாயப்படுத்துவது என்று தனியாகவே ஒரு வரி இருக்கிறது. என் முகத்துக்கு நேரே நீண்ட கைபேசி ஞாபகம் வந்தது. எனக்கு நடந்தது கட்டாயம் என்ற அளவுக்குப் போகவில்லை, நான் திரும்பிப் படுக்க முடிந்தது. திரும்ப முடியாத பெண்களுக்காக அந்த வரியை யாரோ போராடிச் சேர்த்திருக்கிறார்கள். அது ஆபாசத்தை அளக்கவில்லை, அவளுடைய சம்மதத்தைக் கேட்கிறது.

2025 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதே விஷயத்தில் ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர் கணவர். மனைவி ஆபாசப் படம் பார்க்கிறார், சுய இன்பம் செய்கிறார் என்பது விவாகரத்துக்கு அவர் அடுக்கிய காரணங்களில் ஒன்று. தனிமையில் பார்ப்பது மட்டுமே கொடுமை ஆகாது என்று நீதிபதிகள் மறுத்தார்கள். துணையையும் பார்க்கக் கட்டாயப்படுத்தினால் அது கொடுமை, பழக்கம் முற்றித் தாம்பத்தியத்தைப் பாதித்தால் கேள்வி கேட்கலாம் என்றும் சொன்னார்கள். திருமணத்துக்குப் பிறகும் பெண் தனி மனுஷி என்றார்கள். ஆணுக்கு உண்டென்றால் பெண்ணுக்கும் உண்டு என்ற அந்த நியாயத்தை வரவேற்றேன். பிறகு அதையே என் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் தனியாகப் பார்த்தது மட்டும் என் புகார் என்றால் அது நிற்காது. நான்கு வருடம் பொய் சொன்னது, என்னை என் உடம்பின் மேலேயே சந்தேகப்பட விட்டது, நான் கேட்காத ஒன்றை என்னிடம் எதிர்பார்த்தது. என் புகார் இவைதான்.

அந்த ஜூன் மாதமே அவரிடம் சொன்னேன். "என்கிட்ட என்ன குறைன்னு நான் இனி கேக்கப் போறதில்ல. நீங்களும் சொல்லக் கூடாது." மகளின் அறைக்கு மாறினேன். படுக்கையறைக்குள் கைபேசி வராது, அவர் ஆலோசகரைப் பார்க்க வேண்டும், நான் அவர் போனைத் துழாவ மாட்டேன், தவறினால் அவரே வந்து சொல்ல வேண்டும். ஏழு மாதம் அங்கேயே படுத்தேன். ஆலோசகர் அவரிடம், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை இப்போது இருக்கிறது, ஆனால் வெறும் குற்றவுணர்வை வைத்து நோய் என்று முடிவு கட்ட மாட்டார்கள் என்று விளக்கினார். நோய் என்று சொல்லித் தப்பவும் முடியவில்லை, பாவம் என்று அழுது தப்பவும் முடியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை தவறினார். ஒரு முறை அவரே வந்து சொன்னார். இன்னொரு முறை நான் கேட்ட பிறகு சொன்னார். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். என் பெயரில் தனிக் கணக்கு ஒன்றையும் தொடங்கி வைத்திருக்கிறேன்.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் இதெல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அரிசி புடைத்துக்கொண்டே, "ஒங்கப்பாவும் காலைக் காட்சிக்குப் போவாரு. சட்டையில வர்ற பீடி நாத்தத்துலயே கண்டுக்குவேன். துவைச்சுப் போட்டுருவேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீ கேட்டப்ப அவரு என்னடி சொன்னாரு?"