வாய்ப்புற்று அறுவையும் முதுமையின் மீட்சியும்: தாமிரபரணிப் பள்ளத்தாக்கை முன்வைத்து

முன்னுரை

வாய்ப்புற்றுநோயின் வரலாறு பெரும்பாலும் நோய்க்காரணத்தையும் அறுவை முறைகளையும் பற்றியதாகவே அமைகிறது. அறுவைக்குப் பின் முதியவர் உண்ணவும் பேசவும் மீளக் கற்பதும் அவ்வரலாற்றின் பகுதியே. திருநெல்வேலிப் பேட்டை முதல் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள் வரை பரவிய தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் வெற்றிலை விருந்தோம்பலின் அடையாளமாகும். ஆதலின், இங்கு மீட்சி உடலளவில் முடிந்துவிடுவதில்லை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

நெய்யூர்ப் பதிவுகள்

பள்ளத்தாக்கிற்குத் தெற்கே, அந்நாள் திருவிதாங்கூரைச் சார்ந்த நெய்யூரில் இலண்டன் மிஷன் மருத்துவமனை இயங்கியது. அதன் மருத்துவர் பென்டால், 1700 புற்றுநோயாளர் பற்றிய தொகுப்பை 1908இல் வெளியிட்டார். அங்குப் பணியாற்றிய ஓர் என்பார், வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றைக் குறித்து 1933இல் லான்செட் இதழில் எழுதினார். அக்கட்டுரைத் தலைப்பு காரணம், நோய்க்கூறு, சிகிச்சை ஆகிய மூன்றையே சுட்டுகிறது. சிகிச்சைக்குப் பின்னான வாழ்வு அதில் இடம்பெறவில்லை.

சீரமைப்பும் மறுபயிற்சியும்

அறுத்த இடத்தை மார்புத் தோலால் மூடும் முறையைப் பகம்ஜியான் 1965இலும், மார்புத் தசையுடன் மூடும் முறையை ஆரியன் 1979இலும் அறிமுகப்படுத்தினர். இதனால் விழுங்குதலையும் பேச்சையும் மீட்கும் வாய்ப்பு விரிந்தது. எனினும் தசை தளர்ந்து, பல் இழந்த முதுமையில் மீட்சி மெதுவாகவே நிகழும். மூக்குக்குழாய் உணவிலிருந்து கஞ்சிக்கும், கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்கும் படிப்படியாகவே வர இயலும். வாய் திறக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்யாவிடில் தாடை இறுகிவிடும்.

உளப்பகுப்பாய்வு அறிஞர் சிக்மண்ட் பிராய்ட் 1923இல், தம் 67ஆம் அகவையில், மேல்தாடை அறுவைக்கு உட்பட்டார். செயற்கை அண்ணம் பொருத்தி, மேலும் பல அறுவைகளைத் தாங்கி, 1939 வரை வாழ்ந்து எழுதினார்; ஆயினும் சுருட்டை விடவில்லை. உடல் தேறிய பின்னும் பழக்கம் தொடரும் என்பதற்கு இது சான்று.

வழங்குதலும் மெல்லுதலும்

பள்ளத்தாக்கின் முதியவர்க்கு வெற்றிலைச் செல்லம் உறவாடலின் கருவி. பல் விழுந்தோர் சிற்றுரலில் இடித்தேனும் மெல்வர். அதனை விலக்கும்போது திண்ணைப் பேச்சிலிருந்தே தாம் விலக்கப்பட்டதாக அவர்கள் உணரக்கூடும். புகையிலையின்றி மெல்லும் தாம்பூலமும், அதிலுள்ள பாக்கும் புற்று விளைப்பவை என உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2004ஆம் ஆண்டுத் தொகுதி வகைப்படுத்தியது. ஆனால் நிச்சயதார்த்தத்தில் தாம்பூலம் மாற்றுவோர் அதனை மென்றாக வேண்டும் என்பதில்லை. வழங்குதலும் மெல்லுதலும் மரபிலேயே வெவ்வேறு செயல்கள்.

முடிவுரை

தாம்பூலத் தட்டை ஏந்தும் உரிமையைக் காத்து, மெல்லுதலை மட்டும் கைவிடச் செய்வதே இம்மண்ணுக்கு உகந்த மறுவாழ்வு நெறியாகும். முதியவரின் மீட்சியை அளக்கும்போது உணவு, பேச்சு ஆகியவற்றுடன் அவர் சபையில் பெறும் இடத்தையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.