தாமரை இலையும் அம்மாவோட பல் ஸ்க்ரூவும்

1/
அம்மாவுக்குப் பல் இம்ப்ளான்ட் வைக்கக் கூட்டிட்டுப் போயிருந்தேன். பல் டாக்டர் தாடை எலும்புல வைக்கிற டைட்டானியம் ஸ்க்ரூவைக் காட்டினார். அம்மா உத்துப் பார்த்துட்டு என்கிட்ட கேட்டாங்க: "என்னப்பா, பளபளப்பே இல்லாம சொரசொரன்னு இருக்கு? வழவழன்னு இருந்தாத்தானே அழுக்கு ஒட்டாது?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல 200 வருஷம் பின்னாடி போகணும். வாங்க.

2/
தாமஸ் யங், லண்டன் டாக்டர். கண்ணுல "சிலிண்டர் பவர்"னு சொல்றோமே, அந்தக் குறையை 1801ல விவரிச்சவர். 1805ல வெளியான கட்டுரையில இன்னொன்னு சொன்னார்: ஒரு திரவமும் ஒரு திடப்பொருளும் சேர்ந்தா, அவற்றுக்கிடையே ஒரு குறிப்பிட்ட கோணம் உண்டு.

ப்ளஸ் ஒன் இயற்பியல்ல படிச்ச "சேர்கோணம்" ஞாபகம் இருக்கா? அதான்!

3/
சுத்தமான கண்ணாடியில தண்ணி பரவும், கோணம் சின்னது. மெழுகுல முத்து மாதிரி நிக்கும், கோணம் 90 டிகிரிக்கு மேல.

ஆனா இந்தக் கணக்கு வழவழப்பான பரப்புக்குத்தான் சரியா வரும். நிஜ உலகத்துல அப்படி எத்தனை பொருள் இருக்கு?

4/
இந்த ஓட்டையை அடைச்சவர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்ல இருந்த ராபர்ட் வென்சல். 1936ல அவர் சொன்னது: சொரசொரப்பு பரப்பளவைக் கூட்டுது. அதனால ஏற்கனவே இருக்கற குணம் பெருகுது.

தண்ணியை விரும்புற பரப்பைச் சொரசொரப்பாக்கினா இன்னும் நல்லா நனையும். வெறுக்கற பரப்பைச் சொரசொரப்பாக்கினா இன்னும் அதிகமா விரட்டும்.

மைக் மாதிரி. நல்லா பாடினாலும் கத்தினாலும் சத்தத்தைக் கூட்டும், அவ்வளவுதான்.

5/
1944, உலகப்போர் நேரம். இங்கிலாந்தோட லீட்ஸ்ல கம்பளி ஆராய்ச்சி செஞ்ச கேஸியும் பாக்ஸ்டரும் நனையாத துணியைப் பத்தி யோசிச்சாங்க. வாத்து எப்படி நனையாம நீந்துது?

அவங்க கண்டது: வாத்து இறகுல விசேஷ ரசாயனம் எதுவும் இல்லை. இறகோட அமைப்புதான் காரணம். இழைகளுக்கு நடுவுல காத்து சிக்கிக்குது. தண்ணி பாதி காத்து மேலதான் உக்காருது!

6/
அடுத்தது ஜெர்மனி தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட். 1970கள்ல இலைகளை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பார்த்தார். வழவழப்பான இலைகளைப் பார்க்கறதுக்கு முன்னாடி கழுவ வேண்டியிருந்தது. சில சொரசொரப்பான இலைகளோ எப்பவும் சுத்தமா இருந்துச்சு. அதுல முக்கியமானது தாமரை.

1997ல நைன்ஹுயிஸோட சேர்ந்து காரணத்தை விளக்கினார்: கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அது மேல மெழுகு. தண்ணி உருண்டு ஓடும்போது தூசியையும் வாரிட்டுப் போயிடுது.

"தாமரை இலைத் தண்ணீர்"னு காலங்காலமா சொல்றோம். ஒட்டாததுக்குக் காரணம் வழவழப்பு இல்லீங்க, சொரசொரப்பு!

7/
இப்ப அம்மாவோட ஸ்க்ரூ. 1965ல ஸ்வீடன்ல ப்ரோனமார்க் முதல் நோயாளிக்கு வெச்ச டைட்டானியம் ஸ்க்ரூ, கடைசல் மெஷின்ல கடைஞ்சது. எலும்பு அதோட சேர 3 முதல் 6 மாசம் காத்திருப்பாங்க.

அப்புறம் துகள்களைப் பாய்ச்சி, ஆசிட்ல அரிச்சுச் சொரசொரப்பாக்கினாங்க. எலும்பு இறுக்கமாப் பிடிச்சுது, காத்திருப்பும் குறைஞ்சுது.

8/
ஆனா ஒரு சிக்கல். டைட்டானியம் காத்துல இருக்கற கார்பன் அழுக்கை வாங்கிக்கும். அந்த மெல்லிய படலம் தண்ணியை வெறுக்கும். சொரசொரப்பு அந்த வெறுப்பையும் பெருக்கும். அப்படிப்பட்ட ஸ்க்ரூல சேர்கோணம் கிட்டத்தட்ட 140 டிகிரி வரை அளந்திருக்காங்க. எலும்புக்குள்ள போற பொருள், ஆனா ரத்தமே நனைக்கத் தயங்குது!

தீர்வு? காத்து படாமக் கழுவி, உப்பு நீர்லயே போட்டு வைக்கிறது. அதே சொரசொரப்பு, ஆனா கோணம் பூஜ்ஜியம். ரத்தம் தொட்டவுடனே பரவும்.

வென்சல் துணிக்குப் போட்ட கணக்கு நம்ம தாடைக்குள்ள வந்துடுச்சு.

9/
அப்ப அம்மா சொன்னது தப்பா? பாதி சரி. ஈறைத் தாண்டி வாய்க்குள்ள வர்ற பகுதியை வழவழப்பாத்தான் செய்வாங்க. ஏன்னா சொரசொரப்புல கிருமியும் சுகமா குடியேறும்.

ஈறு இறங்கி அந்தச் சொரசொரப்பு வெளிய வந்தா ஆபத்து. கிருமி சேர்ந்து எலும்பு கரையும், ஸ்க்ரூவே ஆட ஆரம்பிச்சுடும்.

10/
அதனால இம்ப்ளான்ட் வெச்சவங்களுக்கு ஒரு வேண்டுகோள். தினமும் ரெண்டு வேளை பல் விளக்குங்க, இடுக்கையும் சுத்தம் பண்ணுங்க. புகையை விடுங்க. ஈறுல ரத்தம், சீழ் வந்தா "தானா சரியாகும்"னு இருக்காதீங்க, உடனே பல் டாக்டரைப் பாருங்க.

எலும்புக்குள்ள இருக்கற வரைக்கும் சொரசொரப்பு வரம். வெளிய தெரிஞ்சா வம்பு.

அம்மாகிட்ட இதைச் சொன்னேன். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே"ன்னு ப்ரஷ்ஷை எடுத்துட்டுப் போயிட்டாங்க 🙂