தாய் சி: போர்க்கலை பூங்காப் பயிற்சியான வரலாறு

தாய் சி என்பது சீனாவில் தோன்றிய ஒரு போர்க்கலை ஆகும். இன்று இது பெரும்பாலும் முதியோருக்கான உடற்பயிற்சியாகவே அறியப்படுகிறது. காலை நேரத்தில் பூங்காக்களில் மக்கள் வரிசையாக நின்று, தண்ணீருக்குள் நடப்பவர்களைப் போல மெதுவாகக் கைகால்களை அசைப்பது இதன் பரவலான காட்சி. ஆனால் இந்த மெதுவான வடிவம் பரவலாகி ஏறத்தாழ நூறு ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன்பு இது ஒரு சிற்றூரின் ஒரே குடும்பத்தார் தங்களுக்குள் காத்துவந்த சண்டைமுறையாக இருந்தது.

இக்கலையின் முழுப்பெயர் 'தாய் ஜி சுவான்' என்பதாகும். 'தாய் ஜி' என்பது யின், யாங் என்னும் இரண்டு எதிர்நிலைகளும் பிரிவதற்கு முந்தைய மூலநிலையைக் குறிக்கும் சீனத் தத்துவச் சொல். 'சுவான்' என்றால் கைமுட்டி, அதாவது முட்டிச்சண்டை. மூச்சாற்றலைக் குறிக்கும் 'சி' என்ற சொல்தான் இப்பெயரில் உள்ளது என்று பலர் எண்ணுகின்றனர். சீன எழுத்தில் இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். தமிழில் எழுதும்போது தோன்றும் 'தாய்' என்ற சொல்லுக்கும் அன்னைக்கும் தொடர்பில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

துறவியின் கதை

தாய் சியை உருவாக்கியவர் வூடாங் மலையில் வாழ்ந்த சாங் சான்ஃபெங் என்னும் தாவோயியத் துறவி என்பது மிகப் பரவலான கதை. ஒரு பாம்பும் ஒரு பறவையும் சண்டையிடுவதை அவர் பார்த்தார். பறவை கொத்தும்போதெல்லாம் பாம்பு வளைந்து நழுவியது. அதிலிருந்து இக்கலை பிறந்தது என்பர். இத்துறவியின் காலத்தையே 12ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை பலவாறாகக் கூறுகின்றனர்.

இவரைப் போர்க்கலையோடு இணைக்கும் பழைய சான்று 1669இல் ஹுவாங் சோங்சி என்னும் அறிஞர் எழுதிய ஒரு கல்லறை வாசகம். அதில் தாய் சி என்ற பெயரே இல்லை. சாவோலின் மடத்தின் முறையை 'புறமுறை' என்றும், சாங் சான்ஃபெங்கிடமிருந்து வந்ததை 'அகமுறை' என்றும் அது பிரிக்கிறது. ஹுவாங் மஞ்சு ஆட்சியை எதிர்த்தவர். வெளிநாட்டிலிருந்து வந்த பௌத்தத்துக்கு எதிராக உள்நாட்டுத் தாவோயியத்தை உயர்த்துவதன் வழியாக, அந்நியரான மஞ்சு ஆட்சியாளரை மறைமுகமாகக் குத்திக்காட்டினார் என்று சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அவ்வாறாயின், ஓர் அரசியல் உவமை பிற்காலத்தில் வரலாறாகப் படிக்கப்பட்டுவிட்டது.

இக்கதையை ஆய்வுக்கு உட்படுத்தியவர் தாங் ஹாவ். சட்டம் படித்தவர், சான்று கேட்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. 1930இல் சாவோலின், வூடாங் மரபுகளைப் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். சாங் சான்ஃபெங் தாய் சியை உருவாக்கவில்லை என்பதோடு, போதிதருமர் சாவோலின் சண்டைக்கலையை உருவாக்கவில்லை என்றும் அதில் வாதிட்டார். இரண்டாவது முடிவு தமிழ் வாசகர்களுக்குக் கசப்பாக இருக்கலாம். போதிதருமரைக் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசராகவும் குங்பூவின் தந்தையாகவும் காட்டிய 2011ஆம் ஆண்டுத் திரைப்படம் இங்கு பலரும் அறிந்தது. ஆனால் அவருக்கு உடற்பயிற்சி நூலொன்றை உரிமையாக்கும் எழுத்துச் சான்று 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகள் பிந்தியது. தாங் ஹாவின் முடிவு அவர் நாட்டிலும் இனிக்கவில்லை. மரபுவழி ஆசான்கள் பலர் அவர்மீது சினம் கொண்டனர்.

சென் குடும்பத்தின் ஊர்

மலையை விட்டு தாங் ஹாவ் சென்ற இடம் ஹெனான் மாநிலத்தின் வென் வட்டத்தில், மஞ்சள் ஆற்றை ஒட்டிய சென்ஜியாகோ என்னும் சிற்றூர். மிங் ஆட்சியின் தொடக்கத்தில் சான்சி மாநிலத்திலிருந்து குடியேறிய சென் பு என்பவரின் வழியினர் அங்கு வாழ்கின்றனர். அவர்களின் குலவரலாற்று ஏட்டில், ஒன்பதாம் தலைமுறையைச் சேர்ந்த சென் வாங்திங் என்பவரின் பெயரருகே, சென் குடும்பத்துச் சண்டைமுறையைத் தொடங்கியவர் என்ற குறிப்பை தாங் ஹாவ் கண்டார். சென் வாங்திங் மிங் ஆட்சியின் இறுதியில் வாழ்ந்த போர்வீரர். 1644இல் அந்த ஆட்சி வீழ்ந்தபின் ஊரில் ஒதுங்கி வாழ்ந்தார்.

இன்னொரு சான்றும் கிடைத்தது. கடற்கொள்ளையரை அடக்கிய மிங் தளபதி சி ஜிகுவாங், படைவீரர் பயிற்சிக்காக எழுதிய நூலில் 32 சண்டை நிலைகளைப் படத்துடன் தந்துள்ளார். அவற்றில் 29 நிலைகள் சென் குடும்ப முறையில் காணப்படுவதாக தாங் ஹாவ் எடுத்துக்காட்டினார். அப்படியானால் தாய் சியின் வேர்களில் ஒன்று படைமுகாமில் இருக்கிறது.

தாங் ஹாவின் முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. சென் குடும்பத்தைச் சேர்ந்த சென் சின் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1933இல் வெளியான நூலே இக்கலையை முதல் தலைமுறையான சென் புவிடம் கொண்டுசேர்க்கிறது. தனியொருவரைப் படைப்பாளராகக் கொள்வதைவிட, படைப்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, யின் - யாங் கருத்து ஆகியவை சில தலைமுறைகளில் அவ்வூரில் ஒன்றுசேர்ந்தன என்று கொள்வதே பொருத்தமாகத் தெரிகிறது.

ஊரை விட்டு வெளியே

வணிகச் சரக்குகளுக்குக் காவலாகச் செல்வது அக்காலச் சண்டைக்கலைஞர்களின் பிழைப்பு. எனவே குடும்பக்கலை என்பது குடும்பச் சொத்து. வெளியாருக்குச் சொல்லித்தருவது அரிது. அந்தக் கதவு சென் சாங்சிங் (1771–1853) காலத்தில் திறந்தது. ஹெபெய் மாநிலத்து யோங்நியனைச் சேர்ந்த யாங் லூசான் (1799–1872) என்னும் ஏழை அவரிடம் பல ஆண்டுகள் தங்கிக் கற்றார். இரவில் ஒளிந்துநின்று பார்த்துக் கற்றார் என்பது சுவையான கதை, அவ்வளவே.

பின்னர் யாங் பெய்ஜிங் சென்று மஞ்சு உயர்குடியினருக்கும் காவற்படையினருக்கும் ஆசிரியரானார். 'வெல்லமுடியாத யாங்' என்ற பட்டப்பெயர் அவருக்குக் கிடைத்தது. அவருடைய ஊர்க்காரரான வூ யூசியாங் வசதியும் படிப்பும் உள்ள குடும்பத்தவர். அவர் கைக்கு வந்த ஏடுகள்தாம் தாய் சியின் மூலநூல்களாக இன்று மதிக்கப்படுகின்றன. எழுத்தறியாத சண்டைக்காரரின் கலையும் கற்றறிந்தவரின் தத்துவமும் இங்கேதான் நெருங்கின எனலாம். இன்று சென், யாங், வூ, இன்னொரு வூ, சுன் என ஐந்து மரபுகள் பேசப்படுகின்றன. இரண்டு 'வூ'க்களும் சீனத்தில் வேறுவேறு எழுத்துகள், வேறுவேறு குடும்பங்கள்.

வேகம் குறைந்த காலம்

சென் முறையில் இன்றும் காலால் தரையை ஓங்கி மிதித்தல், துள்ளுதல், திடீரென வெடிக்கும் குத்து ஆகியவை உண்டு. இவற்றை நீக்கிச் சீரான மெதுவேகத்தைப் பரப்பியவர் யாங் லூசானின் பேரன் யாங் செங்ஃபூ (1883–1936). துப்பாக்கியும் தொடர்வண்டியும் வந்தபின் சரக்குக்காவல் தொழில் நலிந்தது. 1912இல் குடியரசு அமைந்தபோது, உடல் நலிந்த நாடு என்ற இழிவைப் போக்க உடற்கல்வி வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. பெய்ஜிங்கில் தொடங்கிய உடற்கல்வி ஆய்வு நிறுவனத்தில் யாங் குடும்பத்தார் பொதுமக்களுக்குக் கற்பித்தனர். அலுவலர், ஆசிரியர், நோயாளி என வந்தவர்களுக்குச் சண்டை தேவைப்படவில்லை, உடல்நலம் தேவைப்பட்டது.

1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் யாங் மரபின் நீண்ட தொடரைச் சுருக்கி 24 அசைவுகளாக்கியது. ஐந்தாறு நிமிடங்களில் முடியும் இத்தொடரே இன்று உலகில் மிகுதியாகப் பயிலப்படுவது.

சண்டைக்கு இது உதவுமா என்ற கேள்வி அப்போதே இருந்தது. 1954 சனவரி 17 அன்று மக்காவில் தாய் சி ஆசான் வூ கொங்யீயும் வெண்கொக்கு முறையின் சென் கெஃபூவும் மேடையில் மோதினர். இரண்டாம் சுற்றிலேயே நடுவர்கள் நிறுத்தி, யாருக்கும் வெற்றியில்லை என்றனர். படச்சுருளில் பார்த்தால் இருவரிடமும் நளினம் அதிகமில்லை. ஆனால் அந்தப் பரபரப்பில் சில நாள்களுக்குள் ஹாங்காங் நாளேடொன்றில் லியாங் யூசெங்கின் வீரசாகசத் தொடர்கதை தொடங்கி, ஒரு புதிய இலக்கிய அலையே உருவானது.

உடல்நலப் பயனுக்கோ மேலான சான்று உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் 24 வாரங்கள் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. தாய் சி பயின்றோரின் உடல் சமநிலை மேம்பட்டது. தசைநீட்டல் பயிற்சி செய்தோரைவிட அவர்கள் கீழே விழுவதும் குறைந்தது.

இக்கலை பூங்காக்களில் பரவிய அதே காலத்தில் பிறந்த ஊரில் அழியும் நிலைக்கு வந்தது. 1958இல் ஊர் திரும்பிய முதியவர் சென் சாவோபி, கற்பிக்க ஆளில்லாததைக் கண்டு இளைஞர்களைச் சேர்த்தார். பண்பாட்டுப் புரட்சி தொடங்கியதும் பழைமைவாதி என்று துன்புறுத்தப்பட்டார். அதற்குப் பின்னும் கற்பிப்பதை விடவில்லை, 1972இல் மறைந்தார். அவருடைய மாணவர் நால்வர் பின்னர் உலகெங்கும் சென்று சென் முறையைக் கற்பித்தனர்.

2020 திசம்பரில் யுனெஸ்கோ தாய் சியை மாந்தரின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சென்ஜியாகோவில் இன்று பயிற்சிப் பள்ளிகள் நிறைந்துள்ளன. வூடாங் மலையிலும் பள்ளிகள் உள்ளன. அங்கு வரும் மாணவர்களுக்குச் சாங் சான்ஃபெங்கின் பாம்பும் பறவையும் இன்றும் சொல்லப்படுகின்றன.