ஆறு சிலிண்டர், இரண்டு சைலன்சர், ஒரு போத்தல் பெற்றோல்

காருக்குப் பின்னால் இரண்டு குழாய் தெரிந்தால் அது பெரிய கார், வேகமான கார் என்று ஒரு நினைப்பு எங்கட ஆட்களிடமும் இருக்கு, சுவிஸ்காரரிடமும் இருக்கு. இண்டைக்கு ஓடுகிற பல கார்களில் பம்பருக்குக் கீழே பளபளக்கிற அந்த இரண்டு வாயும் வெறும் அலங்காரம். குனிந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இராது. ஆனால் அந்த இரண்டு குழாய்க்கு ஒரு காலத்தில் உண்மையான காரணம் இருந்தது. அதுவும் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கிற இயந்திரங்களில் அந்தக் காரணம் மிக அழகானது.

இதைப் பற்றி ஏன் திடீரென்று எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். நான் வேலை செய்கிற வில் நகரத்து உணவகத்தின் தலைமைச் சமையல்காரர் 1960களின் நடுப்பகுதியைச் சேர்ந்த வலியன்ட் கார் ஒன்று வைத்திருக்கிறார். அமெரிக்கக் கார், ஆனால் சுவிசில் பூட்டியது. அதின்ர சைலன்சர் உக்கிப் போய்விட்டது. "மாத்துறதுதான் மாத்துறன், இரட்டைக் குழாயாப் போட்டால் என்ன? நீ பௌதிகம் படிச்சவன்தானே, சொல்லு" என்று கேட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்ட பௌதிகம் சமையலறையில் இப்படியாவது உதவட்டும் என்று, மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் கிடைக்கிற மூன்று மணித்தியால ஓய்வில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க அது யாழ்ப்பாணம் வரைக்கும் போய் முட்டியது.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். ஆறு சிலிண்டர் வரிசை இயந்திரத்தில் அநேகமாக வெடிப்பு 1-5-3-6-2-4 என்ற ஒழுங்கில் நடக்கும். முன்னுக்கு இருக்கிற மூன்றையும் (1, 2, 3) ஒரு குடும்பம் என்றும், பின்னுக்கு இருக்கிற மூன்றையும் (4, 5, 6) இன்னொரு குடும்பம் என்றும் வையுங்கள். இப்ப அந்த ஒழுங்கைத் திரும்ப வாசியுங்கள்: முன், பின், முன், பின், முன், பின். ஒரு பிசகு இல்லாமல் மாறி மாறி வரும். அச்சு 120 பாகை சுற்றுவதற்கு ஒரு வெடிப்பு. ஆகவே ஒரு குடும்பத்துக்குள் 240 பாகைக்கு ஒருமுறைதான் புகை வரும். புகை வால்வு திறந்திருக்கிற நேரமும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். அதாவது ஒருவர் மூச்சு விட்டு முடிக்கத்தான் அடுத்தவர் தொடங்குவார்.

ஆறையும் ஒரே குழாயில் விட்டால் அப்படி இல்லை. ஒருவர் விட்டு முடிக்கும் முன்னமே அடுத்தவரின் அழுத்தம் வந்து அவரின் முகத்தில் அடிக்கும். மூன்று மூன்றாகப் பிரித்தால் அந்தத் தொல்லை குறைகிறது. வி வடிவ எட்டு சிலிண்டர்க் கார்களில் இரண்டு பக்கமும் இரண்டு குழாய் போடுவது வசதிக்காக. பெரும்பாலான அமெரிக்க இயந்திரங்களில் ஒரு பக்கத்துக்குள் வெடிப்பு இடைவெளி சமமாகவும் இருக்காது. ஆறு சிலிண்டரில்தான் அந்தக் கணக்குத் தானாகவே சரியாக விழுகிறது.

இதை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று நான் சண்டைக்கு வரவில்லை. பெயர் பெற்ற சில கார்களைச் சொல்லுகிறேன்.

1953ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் முதலாவது கோர்வெட் காரை விட்டது. பிறகு வந்த கோர்வெட் எல்லாம் எட்டு சிலிண்டரால் பெயர் எடுத்தவை. ஆனால் அந்த முதல் வருடம் கட்டிய 300 கார்களிலும் இருந்தது சாதாரண செவர்லே குடும்பக் காரின் ஆறு சிலிண்டர் இயந்திரம்தான். மூன்று காபரேற்றர் பூட்டி, புகைக் குழாயை இரண்டாகப் பிரித்து, 150 குதிரை வலு எடுத்தார்கள்.

1960 ஜனவரியில் டேட்டோனாவில் சின்னக் கார்களுக்கு ஒரு பந்தயம் நடந்தது. புதிதாக வந்த வலியன்ட் கார்கள் முதல் ஏழு இடங்களையும் பிடித்தன. அவற்றின் இயந்திரம் முப்பது பாகை சாய்ந்து நிற்கிற ஆறு சிலிண்டர். பந்தயத்துக்கென்று பூட்டிய பொருட்களில் நீண்ட உறிஞ்சு குழாய்களும், மூன்று மூன்றாகப் பிரித்த வார்ப்பிரும்புப் புகைக் குழாய்களும் இருந்தன. எங்கள் தலைமைச் சமையல்காரரின் கார் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்!

அடுத்த வருடம், 1961 மார்ச்சில், எங்கட சுவிசிலேயே, ஜெனீவாவில், ஜாகுவார் தனது ஈ-டைப் காரை உலகத்துக்குக் காட்டியது. 3.8 லீற்றர் ஆறு சிலிண்டர். முன் மூன்றுக்கு ஒரு வார்ப்பு, பின் மூன்றுக்கு ஒரு வார்ப்பு, கீழே இரண்டு குழாய், பின்னால் நடுவில் அருகருகே இரண்டு வாய். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஐரோப்பாவில் கனபேருக்கு இரட்டைக் குழாய் ஆசை பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, அமெரிக்கக் கார் சுவிசில் எப்படிப் பூட்டப்பட்டது? இதுதான் எனக்குப் புதினமாக இருந்தது. 1930களின் மந்த காலத்தில் பீல் நகரத்தில் மணிக்கூட்டுத் தொழில் படுத்து, ஆட்கள் வேலையில்லாமல் நின்றார்கள். நகரசபை முன்னின்று ஜெனரல் மோட்டர்ஸைக் கூப்பிட்டு அங்கே ஒரு தொழிற்சாலையை வரவைத்தது. 1936ல் முதல் கார் வெளியே வந்தது. 1975 வரைக்கும் அங்கே செவர்லே, ஒப்பல், வொக்ஸ்ஹோல் என்று பல கார்கள் பூட்டப்பட்டன. அதைப் போலவே ஆர்காவ் மாநிலத்தில் ஷின்ஸ்நாக்-பாட் என்ற இடத்தில் அமாக் நிறுவனம் 1949 முதல் 1972 வரைக்கும் கிறைஸ்லர் குடும்பத்துக் கார்களைப் பூட்டியது. வலியன்ட் அங்கிருந்து வந்ததுதான். "மொந்தாஜ் சுவிஸ்" என்ற அடையாளத்தோடு விற்பார்கள். அமெரிக்கக் காரைவிடப் பூட்டு வேலை திறம் என்று பழைய ஆட்கள் இப்பவும் பெருமையாகச் சொல்லுவார்கள். வேலையில்லாத மனிதருக்கு வேலை கொடுக்க வந்த தொழில் ஒரு நாட்டின் பெருமையாக மாறிய கதை அது.

எங்கட ஊரிலும் பழைய கார் பெருமை இருந்தது. காரணம் வேறு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கை அரசு கார் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. 1977க்குப் பிறகுதான் அது தளர்ந்தது. இடையில் இருந்தவர்கள் கையில் இருந்ததையே திருத்தித் திருத்தி ஓடினார்கள். ஒஸ்ரின் ஏ-40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட்... யாழ்ப்பாணத்தில் பிறந்த யாருக்கும் இந்தப் பெயர்களைச் சொல்லித் தரத் தேவையில்லை. கலியாண வீட்டுக்கும் அதுதான், ஆசுபத்திரிக்கும் அதுதான்.

1990 ஜூனில் திரும்பவும் போர் தொடங்கியது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை. நான் அப்ப சின்னப் பெடியன். அந்தக் கார்கள் நிற்கவில்லை, மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள். அதைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடு ஏறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த வெள்ளைப் புகையும் மணமும் எங்கட தலைமுறையின் மூக்கில் இப்பவும் இருக்கு.

ஏன் சூடு ஏற வேண்டும்? மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. துளியாகவே உள்ளே போகும், எரியாது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் இருக்கிற எண்ணெய்ப் படையைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். எண்ணெய் அளவு குறையாமல் கூடுகிறதென்றால் அது நல்ல செய்தி அல்ல!

அப்படியிருந்தும் ஏ-40 எப்படித் தாக்குப்பிடித்தது? இரண்டு காரணம். ஒன்று, அதன் அமுக்க விகிதம் ஏழுக்குச் சற்று மேல்தான். ஒக்டேன் குறைந்த மண்ணெண்ணெயையும் பெரிதாகத் தட்டாமல் எரிக்கும். இரண்டு, அந்தக் காலத்து இயந்திரங்களில் காற்று உறிஞ்சுகிற குழாயும் புகை விடுகிற குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருக்கும். புகையின் சூடு உறிஞ்சு குழாயின் அடியைச் சூடாக்கும். அந்தச் சூடுதான் மண்ணெண்ணெயை ஆவியாக்கியது. 1917ல் வந்த போர்ட்சன் உழவு இயந்திரமும் இதே தந்திரத்தில்தான் மண்ணெண்ணெயில் ஓடியது. ஆகவே புகைக் குழாய் என்றால் புகையை வெளியே தள்ளுகிற சாமான் மட்டும் அல்ல. அது ஒரு அடுப்பு. கோட்டு வெளியே தெரியாத அந்த அடுப்பில்தான் யாழ்ப்பாணம் பல வருடங்கள் ஓடியது.

இதைத்தான் நான் எங்கள் தலைமைச் சமையல்காரருக்குச் சொன்னேன். அடுப்பு என்றதும் அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

வலியன்ட் இயந்திரத்திலும் அதே அமைப்புத்தான். உறிஞ்சு குழாய் நடுவில் புகைக் குழாயின் மேல் பூட்டப்பட்டிருக்கும். குளிரில் சூட்டை மேலே திருப்பிவிட ஒரு சின்னத் தகட்டுக் கதவும் உண்டு. கடையில் விற்கிற வளைத்த இரும்புக் குழாய்களை வாங்கிப் பூட்டினால் வலு கொஞ்சம் கூடும், ஆனால் அந்த அடுப்புப் போய்விடும். வில்லில் கார்த்திகை மாதப் புகார் எப்படி என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். பூச்சியத்துக்கு மேல் ஐந்து, ஆறு பாகை, காற்று முழுக்க ஈரம். காபரேற்றருக்குள் பெற்றோல் ஆவியாகும்போது அந்த இடம் இன்னும் குளிர்ந்து, ஈரம் பனிக்கட்டியாகப் பிடித்துவிடும். கார் சந்தியில் நின்று இருமும்.

ஆகவே தெரிவு மூன்று.

முதலாவது, இருந்த மாதிரியே ஒற்றைக் குழாய். வார்ப்பிரும்பு அப்படியே, சூடும் அப்படியே. குழாயைக் கொஞ்சம் பெருப்பிக்கலாம். ஒரு கணக்குச் சொல்லுகிறேன்: 45 மில்லிமீற்றர் குழாய் இரண்டின் வாய்ப் பரப்பும் 64 மில்லிமீற்றர் குழாய் ஒன்றின் வாய்ப் பரப்பும் கிட்டத்தட்டச் சமன். இரண்டு என்பதால் மட்டும் இரண்டு மடங்கு கிடைத்துவிடாது.

இரண்டாவது, மூன்று மூன்றாகப் பிரித்து, கடைசி வரைக்கும் இரண்டு குழாய், இரண்டு சைலன்சர். சத்தம் அழகு, மறுக்கவில்லை. ஆனால் பாரம் கூட, செலவு இரண்டு மடங்கு, காருக்கு அடியில் இடம் நெருக்கம். இன்னொன்றும் இருக்கு. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வரும். இரண்டு குழாயில் பிரிந்து போகும்போது ஒவ்வொன்றும் சூடேறப் பிந்தும், தண்ணீர் உள்ளேயே தங்கும், உள்ளிருந்து உக்கும். வீட்டிலிருந்து வேலைக்குப் பத்து நிமிடம் ஓடுகிறவருக்கு இது உதவாது.

மூன்றாவது, மூன்று மூன்றாகப் பிரித்துக் கொஞ்சத் தூரம் ஓடவிட்டு, பிறகு சேர்த்து ஒரே சைலன்சரில் விடுவது. குடும்பம் இரண்டும் தனித்தனியே மூச்சு விட்டுவிட்டு வெளியே ஒன்றாகப் போகிறார்கள். இரட்டைக் குழாயின் உண்மையான இலாபத்தில் பெரும் பங்கு இங்கேயே கிடைத்துவிடும். உறிஞ்சு குழாய்க்கு அடியில் சூடு கொடுக்க வேறு ஒழுங்கு செய்தே ஆகவேண்டும். இயந்திரத்தைக் குளிர்விக்கிற சுடுதண்ணீரை அடியில் ஓடவிடலாம்.

இதற்கு மேல் சட்டம். சுவிசில் முப்பது வருடம் தாண்டிய காரை வெற்றறன் வாகனமாகப் பதியலாம். மற்றக் கார்களைப் போல இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருக்கா இல்லாமல் ஆறு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். ஆனால் கார் அடிப்படையில் தொழிற்சாலை விட்ட நிலையில் இருக்க வேண்டும், சொந்தப் பாவனைக்கு மட்டும் கொஞ்சமாக ஓட வேண்டும். புகைக் குழாயை மாற்றினால் மாநிலப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். 2025 தொடக்கத்திலிருந்து தேவையில்லாத வாகனச் சத்தத்துக்கு எதிரான விதிகளும் இன்னும் இறுகிவிட்டன. அந்தப் பதிவு போனால் அது வெறும் பழைய கார். குழாயின் விலையைவிட அந்தக் கடதாசியின் விலை கூட.

என்னுடைய கருத்தைக் கேட்டால், முதலாவது தெரிவுதான். மனம் கேட்காவிட்டால் மூன்றாவது, அதுவும் அலுவலகத்தில் கேட்ட பிறகு. எதைச் செய்தாலும் கழற்றின வார்ப்பிரும்பை எறியாமல் எண்ணெய் பூசிச் சுற்றி வைக்க வேண்டும். வெட்டினதை ஒட்ட முடியாது, கழற்றினதைத் திரும்பப் பூட்டலாம்.

சிலர் கேட்கலாம், யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய கார்களும் அசலைக் கெடுத்த கார்கள்தானே என்று. இல்லை என்பேன். அவர்கள் காரை வெட்டவில்லை. இயந்திரம் எப்படி மூச்சு விடுகிறது என்று விளங்கிக்கொண்டு, இருந்த சூட்டையே பயன்படுத்தினார்கள். பெற்றோல் திரும்பக் கிடைத்தபோது அதே கார்கள் பெற்றோலில் ஓடின. அந்தக் கராஜ்களில் கறுத்த கையோடு நின்ற மெக்கானிக்மாரின் பெயரை எந்த மியூசியத்திலும் பார்க்க முடியாது. பீல் தொழிற்சாலைக்கும் ஷின்ஸ்நாக்குக்கும் சுவிஸ்காரர் புத்தகம் எழுதிவிட்டார்கள். எங்கட ஆட்களில் ஏ-40 ஓடினவர்கள், திருத்தினவர்கள் இப்ப எழுபது எண்பது வயதில் சூரிச்சிலும் பேர்னிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். எந்த அளவு பெற்றோல், எத்தனை நிமிடச் சூடு, எத்தனை நாளுக்கு ஒருக்கா எண்ணெய் மாற்றினது என்று அவர்களிடம் இப்பவே கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் எங்கட சரித்திரம்தான்.